ஓடை நிரம்பி ஓடியபோது கிணற்றை இறைத்தேன்

மூன்று ஏக்கருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று குழாய்க் கிணறு தோண்டுவதற்கு முன்னால் நான் கணக்குப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை. பார்க்காததால் ஐந்து மாதம் பட்டேன். யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா என்று அந்த நாள்களில் பல முறை அழுதிருக்கிறேன். அதனால்தான் பணக் கணக்கு உட்பட எதையும் மறைக்காமல் இதை எழுதுகிறேன்.

நான் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயாவைச் சேர்ந்தவள். வயதானவர்கள் இன்றைக்கும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். பிறந்தது தோட்டத்து லயத்தில். அப்பா முதலில் பால்மரம் சீவினார். ரப்பரை அழித்துவிட்டுச் செம்பனை நட்டபின் குலை வெட்டினார். நான் பதினெட்டு வருடம் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, 2022இல் ஊருக்கு வெளியே கோலசிலாங்கூர் போகும் பக்கத்தில் மூன்று ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தேன். இரண்டு ஏக்கரில் மிளகாய், ஒரு ஏக்கரில் பயற்றங்காயும் வெண்டையும். கணவர் லாரி ஓட்டுபவர். வாரத்தில் ஐந்து நாள் ஜொகூர் பக்கம் இருப்பார். காட்டு வேலையைப் பொறுத்தவரை நான் தனி ஆள்தான்.

நிலத்தின் ஓரமாக ஒரு ஓடை ஓடுகிறது. முதல் வருடம் முழுவதும் அதில்தான் இறைத்தேன். பெட்ரோல் இயந்திரத்தைத் தள்ளுவண்டியில் வைத்து ஓடைக்கரை வரை கொண்டுபோக வேண்டும், இருநூறு மீட்டர் குழாயை இழுத்து விரிக்க வேண்டும், வாயில் இலையும் சேறும் அடைத்தால் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி எடுக்க வேண்டும். திருட்டுப் பயத்தால் மாலையில் இயந்திரத்தை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவேன். உடம்பு தாங்கவில்லை. குழாய்க் கிணறு போட்டால் ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும் என்று பலரும் சொன்னார்கள். இரண்டு வளையலை அடகுக் கடையில் வைத்து, 2023 அக்டோபரில் கிணறு போட்டேன். 38 மீட்டர் ஆழம். நீர்மூழ்கி பம்பும் குழாயும் சேர்த்து 12,800 வெள்ளி (ரிங்கிட்) ஆனது.

தோண்ட வந்தவர் இரண்டு மணி நேரம் காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்றிக் காட்டினார். பீறிட்டு வந்தது. மணிக்கு 4,000 லிட்டர் தாராளமாகக் கிடைக்கும் என்றார். எனக்குக் கண்கள் கலங்கிவிட்டன. ஆனால் அக்டோபரும் நவம்பரும் சிலாங்கூரில் நல்ல மழை பெய்யும் மாதங்கள். மழை நாளில், இரண்டு மணி நேரத்தில் எந்தக் கிணறும் நல்ல கிணறாகத்தான் தெரியும். குறைந்தது இருபத்து நான்கு மணி நேரமாவது ஒரே அளவில் தொடர்ந்து இறைத்து, இடையிடையே மட்டத்தை அளந்து, நிறுத்தியபின் எவ்வளவு நேரத்தில் பழைய மட்டத்துக்குத் திரும்புகிறது என்றும் பார்க்க வேண்டும். இதற்குத் தனியாகக் கட்டணம் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். இன்னொன்றையும் எழுத்தில் வாங்க வேண்டும்: எத்தனை மீட்டரில் களிமண், எத்தனை மீட்டரில் மணல், துளையிட்ட குழாய் எந்த ஆழத்தில் இறக்கப்பட்டது என்ற விவரம். நான் கேட்கவில்லை, அவரும் தரவில்லை. ஒரு தாளில் எழுதியிருக்க வேண்டிய அந்த நான்கு வரி இல்லாமல் போனதால், பின்னால் என்ன நடக்கிறது என்றே எனக்குப் புரியவில்லை.

சுவிட்ச் வந்ததும் ஓடையை மறந்துவிட்டேன். இதுதான் நான் செய்த பெரிய தவறு. நவம்பரிலும் டிசம்பரிலும் ஓடை கரை தொட்டு ஓடியது. அந்தத் தண்ணீர் முழுவதும் கண்முன்னே சிலாங்கூர் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. மழை பெய்யாத இரண்டு நாள் வந்தால்கூட நான் கிணற்றைத்தான் இறைத்தேன். பெட்ரோல் இயந்திரம் கொட்டகையில் துருப்பிடித்தது. ஓடைத் தண்ணீர் இருக்கும்போது அதை எடுத்துக்கொண்டு, நிலத்தடித் தண்ணீரை வறட்சிக்கென்று விட்டுவைப்பதுதான் முறை. நான் அதைத் தலைகீழாகச் செய்தேன்.

முதல் அறிகுறி டிசம்பர் கடைசியில் வந்தது. மிளகாய்ப் பாத்தியில் சில செடிகள் மட்டும் வாடின. சொட்டுநீர்க் குழாயை அறுத்துப் பார்த்தால் உள்ளே செம்மண் குழம்புபோல வழவழவென்று படிந்திருந்தது. கிணற்றிலிருந்து வரும்போது தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். நானே குடித்துப் பார்த்திருக்கிறேன். நிலத்துக்கடியில் காற்றுப் படாமல் கரைந்திருக்கும் இரும்பு, மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாக மாறுகிறது. அதைத் தின்று வாழும் ஒருவகை பாக்டீரியா வேறு சேர்ந்து கொழகொழப்பான படலத்தை உண்டாக்குகிறது. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன், லிட்டருக்கு 4.8 மில்லிகிராம் இரும்பு. சொட்டுநீர்ப் பாசனத்தில் 1.5ஐத் தாண்டினாலே அடைப்பு கடுமையாக இருக்கும் என்பது உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் அளவுகோல். ஆய்வகம் போகும் முன்பே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. வெள்ளை வாளியில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து ஓர் இரவு திறந்து வையுங்கள். காலையில் மேலே எண்ணெய்போல ஆடையும் அடியில் மஞ்சள் செம்மையாகப் படிவும் இருந்தால், அந்தத் தண்ணீரை நேராகச் சொட்டுநீர்க் குழாயில் விடக் கூடாது. பாஸ்பரஸ் கலந்த உரத்தை அதே தண்ணீரில் கரைத்து விட்டதும் என் அறியாமை. இரும்பும் பாஸ்பரஸும் சேர்ந்து படிவாகிவிடுகின்றன. செடிக்கு உரமும் போகவில்லை, துளையும் அடைத்துக்கொண்டது. இரண்டு ஏக்கருக்கும் குழாயை மாற்ற 2,400 வெள்ளி ஆனது.

2024 பிப்ரவரி. மழையைக் குறைக்கும் எல் நினோ வருடம் அது. 2023 நடுவில் தொடங்கியது 2024 நடுவரை இருந்தது. எங்கள் பக்கத்தில் வழக்கமாகவே பிப்ரவரியில் மழை குறைவு. அந்த முறை வானம் வெளிறிப்போய்க் கிடந்தது. செடி பூத்துக் காய் பிடிக்கும் நேரம். நான் தினமும் பதினொரு மணி நேரம் பம்பை ஓடவிட்டேன். மாதப் பாதியில் தண்ணீர் விட்டு விட்டு வர ஆரம்பித்தது.

அந்த வாரத்தில்தான் பக்கத்து நிலத்து மாமா வந்தார். எழுபதைத் தாண்டியவர், தோட்டத்து இயந்திரக் கொட்டகையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஓடைக்கு அந்தப் பக்கம் வெற்றிலையும் கீரையும் வைத்திருக்கிறார். அவருக்கு இருபதடி உறைக்கிணறு ஒன்றுதான். அது வற்றிவிட்டிருந்தது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கையில் ஒரு மூங்கில் குச்சி இருந்தது. அதில் கத்தியால் வெட்டிய கோடுகள். "அம்மா, ஒரு வாரமாக ஓடையில் ஊன்றிப் பார்க்கிறேன். உன் பம்பு ஓடும் பகலில் நான்கு விரல் இறங்குகிறது. ராத்திரி நீ நிறுத்தியதும் இரண்டு விரல் ஏறுகிறது. என் கிணறும் அதேபோலத்தான் ஆடியது, இப்போது ஆடுவதற்குத் தண்ணீரே இல்லை" என்றார். நான் ஓடையில் ஒரு சொட்டுகூட எடுக்கவில்லையே என்றேன். "எடுக்கவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு, அந்தக் குச்சியை என் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு முதியவரின் கிணற்றை நான் குடித்துவிட்டேன் என்ற எண்ணம் பண நஷ்டத்தைவிட அதிகமாக வலித்தது.

ஆனாலும் பம்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் காய் போய்விடும் என்ற பயம். பிப்ரவரி 27ஆம் தேதி மத்தியானம் பம்பு காற்றை இழுத்து மோட்டார் எரிந்துபோனது. தண்ணீர் பம்பு தொங்கவிட்ட இருபது மீட்டருக்கே இறங்கியிருந்தது, அக்டோபரில் 2.8 மீட்டரில் நின்ற தண்ணீர். புது மோட்டார் 3,200 வெள்ளி. தண்ணீர் குறைந்தால் தானாக நிறுத்தும் கருவி சில நூறு வெள்ளிக்குள் கிடைக்கிறது என்று மோட்டார் மாற்ற வந்தவர் சொன்னபோது தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் இலை ஓரங்கள் கருகத் தொடங்கியிருந்தன. பூ உதிர்ந்தது, பிடித்த காய்களில் பல நுனி கறுத்து அழுகின. தண்ணீரின் உப்பைக் காட்டும் இசி மீட்டரை வைத்துப் பார்த்தால், கிணறு போட்டபோது (dS/m அளவில்) 0.5 காட்டிய தண்ணீர் 1.6 காட்டியது. மிளகாய்க்குப் பாசனத் தண்ணீரின் உப்பு 1.0ஐத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். எதிர்பார்த்ததில் பாதிக்கும் குறைவாகத்தான் செலாயாங் மொத்தச் சந்தைக்கு அனுப்பினேன். கைக்கு வராமல் போனது ஏறக்குறைய 19,000 வெள்ளி.

என்ன நடந்தது என்பதை விளக்கியவர், விவசாயத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற என் அத்தான். கிணறு தோண்டியபோது வெளியே கொட்டிய மண் ஓரமாகக் குவிந்து கிடந்தது. அதைக் கிளறிப் பார்த்தார், குழாய்க்குள் கயிறு விட்டு அளந்தார், தோண்டியவரைத் தொலைபேசியில் பிடித்துத் துருவிக் கேட்டார். என் கிணற்றில் துளையிட்ட குழாய் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று மேலே இருக்கும் ஆற்று மணலில், எட்டு முதல் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில். இன்னொன்று களிமண்ணுக்குக் கீழே முப்பது மீட்டருக்கு மேல் ஆழத்தில். மேல் மணல்தான் ஓடைக்கும் மாமாவின் உறைக்கிணற்றுக்கும் எனக்கும் பொது. மழைக்காலத்தில் ஓடை அந்த மணலுக்குத் தண்ணீர் கொடுக்கும். வெயில் காலத்தில் அந்த மணல்தான் ஓடையை உயிரோடு வைத்திருக்கும். கீழ்ப்படுகையில் இருப்பது இரும்பும் உப்பும் கலந்த பழைய தண்ணீர். கடலோரச் சமவெளியில் இது சாதாரணம். நான் மேல் மணலை உறிஞ்சிக் காலி செய்யச் செய்ய, கீழ்த் தண்ணீரின் பங்கு கூடிக்கொண்டே போனது. இரும்பு கூடியதற்கும் உப்பு ஏறியதற்கும் மாமாவின் கிணறு வற்றியதற்கும் காரணம் ஒன்றுதான். ஓடை ஒரு கணக்கு, கிணறு இன்னொரு கணக்கு, இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம் என்று நான் நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே கணக்கில்தான் கழிகின்றன.

கணக்கு என்றதும் அந்தக் கணக்கையும் எழுதிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 4,000 லிட்டர். நல்ல வெயிலில் காய்கறிக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஏக்கருக்கு 20,000 லிட்டர். சொட்டுநீரும் நெகிழித் தாள் மூடாக்கும் இருக்கும் இரண்டு ஏக்கர் மிளகாய்க்கு அதில் அறுபது விழுக்காடு, அதாவது 24,000. பயறும் வெண்டையும் உள்ள ஏக்கருக்கு 20,000. ஆக 44,000 லிட்டர். பிறகு ஒழுங்காக ஒரு முழுநாள் சோதித்துப் பார்த்ததில், மட்டம் விழாமல் என் கிணறு தரக்கூடியது மணிக்கு 1,800 லிட்டர்தான். எட்டு மணி நேரத்துக்கு 14,400. தேவையில் மூன்றில் ஒரு பங்கு. இந்தக் கிணற்றை நம்பியா மூன்று ஏக்கர் நட்டேன் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மிச்சத்துக்கு வழி எங்கள் மாவட்டத்திலேயே இருந்தது, நான்தான் அதைப் பார்க்கவில்லை. 2014இல் சிலாங்கூர் ஆற்று அணையின் நீர்மட்டம் மிகவும் குறைந்து, வாரக்கணக்கில் முறைவைத்துத் தண்ணீர் விட்டது நினைவிருக்கும். அப்போது பழைய ஈயக்குட்டைகளின் (வெள்ளீயச் சுரங்கம் தோண்டிய பள்ளங்களின்) தண்ணீரை ஆற்றுக்குள் இறைத்துச் சமாளித்தார்கள். அதன் பிறகு வந்த ஹோராஸ் திட்டமும் அதே யோசனைதான்: தண்ணீர் மிகுதியாக இருக்கும்போது குட்டைகளில் தேக்கு, ஆறு இளைக்கும்போது திருப்பிக் கொடு. ஒரு மாநிலத்துக்குச் செய்வதைச் சிறிய அளவில் என் மூன்று ஏக்கருக்கும் செய்யலாம் அல்லவா?

2024 மே மாதம் நிலத்தின் பள்ளமான மூலையில் ஒரு குளம் வெட்டினேன். கரைச் சரிவு போக ஏறக்குறைய 500 கனமீட்டர் பிடிக்கும், ஐந்து லட்சம் லிட்டர். கிணறு தினம் கொடுப்பது போக இன்னும் 30,000 லிட்டர் வேண்டும் என்று வைத்தால் பதினைந்து பதினாறு நாள் தாங்கும். இயந்திர வாடகை நான்கு நாளுக்கு 2,600 வெள்ளி. இங்கேயும் ஒரு பாடம் கிடைத்தது. கடலோரக் களிமண்ணை ஆழமாகத் தோண்டினால், அதில் உள்ள கந்தகம் காற்றுப் பட்டு அமிலமாகிவிடும். வெட்டிப்போட்ட சாம்பல் நிற மண்ணில் சில வாரத்தில் மஞ்சள் திட்டுகள் தெரிந்தன. குளத்துத் தண்ணீரின் பிஎச் 4.2 (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்). கரையிலும் குளத்திலும் சுண்ணாம்புத் தூளைப் பல முறை தூவிய பிறகுதான் 6.5க்கு வந்தது. வெட்டும் முன்பே அடிமண்ணைக் கொஞ்சம் எடுத்து ஈரமாகவே குறைந்தது எட்டு வாரம் காற்றில் வைத்து, பிஎச் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அவ்வளவு ஆழம் போகாமல் அகலமாக வெட்டுவது நல்லது.

இப்போது நான் பின்பற்றும் முறை இது. ஓடை நன்றாக ஓடும் மாதங்களில் வயலுக்கும் குளத்துக்கும் ஓடைத் தண்ணீர்தான். பலத்த மழை பெய்த மறுநாள் மட்டும் இறைப்பதில்லை. சேறு வடிகட்டியைக் கொன்றுவிடும். கிணற்றை வாரத்துக்கு ஒரு மணி நேரம், மோட்டார் பழுதாகாமல் இருக்க மட்டும் ஓட்டுகிறேன். மாமாவின் குச்சியை ஓடையில் நிரந்தரமாக ஊன்றிவிட்டேன். தண்ணீர் இரண்டாவது கோட்டுக்குக் கீழே போனால் ஓடைப் பம்பு நிற்கும். மிச்சம் ஓடைக்கும் அதற்குக் கீழே இருப்பவர்களுக்கும். கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க ஊரெல்லாம் வருகிறார்களே, அந்தப் பூச்சிகள் தங்கும் பெரெம்பாங் மரங்களும் இந்த ஓடை சேரும் சிலாங்கூர் ஆற்றுக் கரையில்தான் நிற்கின்றன. அதன் பிறகு குளம், அதற்குத் துணையாகக் கிணறு. கிணற்றுத் தண்ணீர் நேராக வயலுக்குப் போவதே இல்லை. உயரத்தில் துளையிட்ட குழாய் வழியாக மழைபோலத் தொட்டியில் விழுந்து, ஓர் இரவு தெளிந்து, மேல் தண்ணீர் மட்டும் மணல் வடிகட்டி வழியாகப் போகிறது. உப்புக் கூடியிருக்கும் நாள்களில் கிணறு ஒரு பங்கு, குளம் இரண்டு பங்கு. கிணறு 1.6, குளம் 0.15 என்றால் கலவை 0.63; மிளகாய்க்கும் பயமில்லை. வாரம் ஒருமுறை சொட்டுநீர்க் குழாய்களின் முனையைத் திறந்து செந்நீர் போகும்வரை கழுவிவிடுகிறேன்.

அனுமதி விஷயத்தில் நான் பின்தங்கிவிட்டேன். சிலாங்கூரில் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆற்று நீரானாலும் நிலத்தடி நீரானாலும் எடுப்பது லுவாஸ் எனப்படும் நீர் நிர்வாக வாரியத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது; உரிமம் வேண்டுமா என்று அங்கே கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சொந்த நிலம்தானே, குத்தகை நிலம்தானே என்று இருந்துவிடாதீர்கள். பக்கத்தில் ஈயக்குட்டை இருக்கிறது, அதிலிருந்து இறைக்கலாமே என்று யோசிப்பவர்களும் உண்டு. குட்டை யாருடையது என்று கேளுங்கள். பழைய சுரங்க நீரில் ஆர்சனிக் போன்ற நச்சுகள் இருக்க வாய்ப்பு உண்டு. சாப்பிடும் பயிருக்கு விடுவதற்கு முன் அதற்கென்று ஆய்வகச் சோதனை செய்யுங்கள். இசி மீட்டர் இதைக் காட்டாது.

மோட்டார் எரிந்த பிறகு மூன்று வாரம் கிணறு சும்மா இருந்தபோது மாமாவின் உறைக்கிணற்றில் இரண்டடி ஏறியது. அவரே வந்து சொன்னார். அந்த வருடம் அவருக்கு நஷ்டமான வெற்றிலைக்குப் பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. என் குளத்திலிருந்து அவர் பாத்திக்கு ஒரு குழாய் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் காலையில் இரண்டு பேரும் கயிற்றில் கல் கட்டி இரண்டு கிணற்றையும் அளக்கிறோம்; அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறேன். ஒரு வளையலை மீட்டுவிட்டேன், இன்னொன்று அடகுக் கடையில்தான் இருக்கிறது. மழை விட்டுப் பதினெட்டு நாள் ஆகிறது. இன்று காலை ஓடை இரண்டாவது கோட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றது, என் கிணறு 3.4 மீட்டர், மாமாவுடையது 2.9.